கண்ணை மூடிக்கொண்ட கணினி

சேலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். வேலைக்கு அவர்கள் கொடுத்த மடிக்கணினி தனி. அதன் பக்கத்தில் என் சொந்தக் கணினி ஒன்று உண்டு. பல வருடங்களாக அதில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு லினக்ஸை அழித்துவிட்டு இன்னொரு லினக்ஸைப் போடுவது.

லினக்ஸ் அடிப்படையில் ஒன்றுதான். ஆனால் அதை ஆளாளுக்கு ஒரு விதமாகக் கட்டி, ஒரு பெயர் வைத்து, இலவசமாகக் கொடுக்கிறார்கள். டிஸ்ட்ரோ என்று சொல்வோம். நான் உபுண்டுவில் ஆரம்பித்தேன். அப்புறம் மின்ட். அப்புறம் கணக்கே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. ஒன்றில் தமிழ் எழுத்தின் புள்ளி கழன்று அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். ஒன்றில் பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரில் வராமல், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்விடும். இன்னொன்று எதற்கெடுத்தாலும் கடவுச்சொல் கேட்கும். அந்தக் குணங்களோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. பழகிப்போனதும் சலித்துவிடும். அடுத்ததைத் தேடுவேன்.

"இந்த வாரம் எந்த வீட்டுக்குக் குடி போயிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்பாள். நானும் சிரிப்பேன். என் கணினியில் இருப்பவை சில பாட்டுகளும் படங்களும்தான். கெட்டுப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் வளர்ந்த பழக்கம் அது. அதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

திருச்செங்கோட்டில் என்னோடு கல்லூரியில் படித்த தோழனுக்கு ஓர் அக்கா. அவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அக்காவின் கணவர் போர்வெல் ரிக் லாரியோடு வருடத்தில் பத்து மாதம் வடக்கே இருப்பார். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை பார்வையில் படுகிற இடத்தில் அவர்களுடைய முட்டைக்கோழிப் பண்ணை. அதை அக்காதான் பார்த்துக்கொண்டார். பழைய ஷெட்டுகள் இரண்டும் பக்கவாட்டில் திறந்தவை. புதிதாகக் கட்டிய பெரிய ஷெட் முழுக்க மூடியது. ஒரு முனையில் தண்ணீர் வழிகிற அட்டைத் தடுப்பு. மறுமுனையில் ஆளுயர விசிறிகள். விசிறி காற்றை வெளியே இழுக்க, தடுப்பு வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கோழிக்குத் தெரியாது.

முதல் முறை அங்கே போனபோது, விசிறி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கால் மணி நேரந் தாங்குமுங்க. அரை மணிக்கு மேல கோடையில தாங்காது சாமி," என்றார் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. சாமிதான்.

ஷெட்டின் வெப்பத்தைப் பார்த்து விசிறிகளை ஓட்டுவதற்குச் சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. அதிலேயே ஒரு சைரனும் உண்டு. கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் அது அலறும். கோழிகள் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும். நான் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி இழுத்து, அலுவலக அறையில் சும்மா கிடந்த பழைய கணினியில் செருகினேன். ஒரு சின்ன நிரல் எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்ப அளவை அக்காவின் கைபேசிக்கு அனுப்பும். இரண்டு நிமிடம் தொடர்ந்து வெப்பம் அளவுக்கு மேல் இருந்தால் மட்டும், கணினியோடு நான் இணைத்த தனிச் சைரனை அடிக்கும், எச்சரிக்கைச் செய்தியும் அனுப்பும். ஒரு பெருமைக்காக என் நம்பரையும் அதில் சேர்த்துக்கொண்டேன். பெட்டியின் சொந்தச் சைரனை எலெக்ட்ரீஷியனை விட்டுக் கழற்றச் சொன்னார் அக்கா. அந்த யோசனையைக் கொடுத்தவன் நான்.

அந்தக் கணினியில் அப்போது நான் போட்ட டிஸ்ட்ரோ டெபியன். அவசரமே இல்லாதது, புதுசு எதற்கும் ஆசைப்படாதது. திரை பழைய அரசு அலுவலகச் சுவர் மாதிரி இருக்கும். அங்கேயும் ஒரு குணம் இருந்தது. நான் வாங்கிய மலிவான வைஃபை குச்சி அவ்வப்போது மயங்கிவிடும். பிடுங்கித் திரும்பச் செருக வேண்டும். அக்கா அதற்குப் பழகிவிட்டார். "குச்சிய ஒருக்காப் புடுங்கிச் சொருகிட்டேன் சாமி, வந்துருச்சு," என்று எனக்குச் செய்தி போடுவார். மற்றபடி நான்கு கோடை அது நின்றதே இல்லை.

ஐந்தாம் கோடையில், ஏப்ரல் கடைசியில், கணினியின் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுவதாகச் சொன்னார். புது டிஸ்க் வாங்கிக்கொண்டு போனேன். அதே டெபியனைத் திரும்பப் போட்டிருக்கலாம். பென் டிரைவில் அதுவும் இருந்தது. ஆனால் அந்த மாதம் நான் வேறொன்றின் மேல் மயக்கத்தில் இருந்தேன். பெயரை எழுதவில்லை. தப்பு அதனுடையது அல்ல. பார்க்க அழகு, எழுத்துகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும், நான் வாங்கிப்போன புது வைஃபை குச்சியைச் செருகியதுமே கண்டுகொண்டது. அதையே போட்டேன்.

"பழசு மாதிரியே இருந்தாப் போதுமே சாமி," என்று அக்கா ஒரு முறை சொன்னார்.

"இது இன்னும் நல்லதுங்க்கா," என்றேன்.

நிரலை ஏற்றினேன். வெப்ப உணரியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினேன். சைரன் அடித்தது. இரண்டு கைபேசிக்கும் செய்தி வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் சரியாக நடந்தது. அந்த இரண்டு மணி நேரமும் நான் மவுஸை அடிக்கடி தொட்டுக்கொண்டே இருந்தேன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டார்.

"ஏனுங் சாமி, கம்ப்யூட்டரு அப்பப்பக் கண்ண மூடிக்குதே? மவுஸத் தொட்டாத்தான் முழிக்குது."

"திரை மட்டுந்தாங்க்கா அணையுது. உள்ள வேலை ஓடிட்டுத்தான் இருக்கும். பழசுலயும் அப்படித்தானே?"

"பழசுல திரை அணைஞ்சாலும் பொட்டில இரைச்சல் கேக்குமுங்க. இது சத்தமே இல்லாமக் கெடக்குது."

"புது டிஸ்க்கு சத்தம் போடாதுக்கா."

நான் சொன்னது பொய் இல்லை. புது டிஸ்க் சத்தம் போடாது. அவரும் சரி என்று வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் எனக்கு வந்த வெப்பச் செய்திகளில் இடைவெளி விழ ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டியது. சில சமயம் முக்கால் மணி நேரம், ராத்திரியில் இன்னும் அதிக நேரம், எதுவுமே வராது. பிறகு வரிசையாக நான்கைந்து வரும். மறுபடியும் மௌனம். நான் அதைப் பார்க்கத்தான் செய்தேன். புதுக்குச்சியும் பழைய குச்சியின் புத்திதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான்கு வருடமாகத் தெரிந்த ஒரு காரணம் கையில் இருந்ததால் வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. அடுத்த முறை போகும்போது நல்ல குச்சி வாங்கிப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன்.

ஒன்பதாம் நாள். வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கே மாடியறைச் சுவர் சுட்டது. ஒரு மணி வாக்கில் சாப்பிடக் கீழே இறங்கும்போது கைபேசியைப் பார்த்தேன். பண்ணையிலிருந்து கடைசிச் செய்தி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. படியிலேயே ஒரு கணம் நின்றேன். அக்காவைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. குச்சிதான், வேறென்ன என்று போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். புளிக்குழம்பு, அப்பளம். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன். கை கழுவும்போது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"சாமி, சைரன் அடிக்கலீங்களா? உங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சா? நான் நாமக்கல்ல இருக்கறன், தீவன லேப்புக்கு வந்தேன். விசிறி நின்னு போச்சாமா. எல்லாம் உழுந்து கெடக்குதாமா."

பைக்கை எடுத்தேன். ராசிபுரம் வழியாகப் போகிற அந்தச் சாலையில் எவ்வளவு நேரம் போனேன் என்று தெரியவில்லை. தார் மேலே கானல் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. குச்சி, குச்சி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். குச்சியாக இருந்தால் செய்தி மட்டும்தான் வராமல் போயிருக்கும். சைரன் அடித்திருக்க வேண்டும். சைரனுக்கு வைஃபை வேண்டியதில்லை. ராசிபுரம் தாண்டியபோது இது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வண்டியை மெதுவாக ஓட்டினேன். போய்ச் சேரப் பயமாக இருந்தது.

நடந்தது இதுதான். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை மட்டும் போய்விட்டது. விசிறி மோட்டார்கள் நின்றுவிட்டன. தானாகக் கிளம்ப வேண்டிய ஜெனரேட்டர், பேட்டரி செத்துக் கிடந்ததால் கிளம்பவில்லை. மற்ற இரண்டு முனையும் இருந்ததால் வேலையாட்கள் தங்கும் அறையில் விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் போனதாகவே யாருக்கும் தெரியவில்லை. வடக்கிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அந்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்தான் திடீரென்று கை நின்றுபோய், "சத்தம் இல்லை," என்றாளாம். ஓடிப்போய் இருவரும் ஷெட்டின் பக்கவாட்டுத் திரைகளை இறக்கிக் காற்றுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நான் போனபோது ஷெட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. மேல் அடுக்குக் கூண்டுகளில் எல்லாம் விழுந்து கிடந்தன, கழுத்துகள் கம்பிக்கு வெளியே தொங்கிக்கொண்டு. கீழ் அடுக்கில் உயிரோடு இருந்தவை இறக்கையை விரித்து, அலகைப் பிளந்து, சத்தமில்லாமல் மூச்சு வாங்கின. அவ்வளவு பெரிய ஷெட்டில் கொக்கரிப்பு ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் போய்விட்டது.

அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்து உயிருள்ள கூண்டுகளின் மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்.

நான் அலுவலக அறைக்குப் போனேன். கணினி இருட்டாக, குளிர்ந்து, அமைதியாக இருந்தது. மவுஸைத் தொட்டேன். விழித்துக்கொண்டது. அடுத்த நொடியே நிரல் ஓட ஆரம்பித்து, வெப்பத்தைப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் சைரனை அடித்தது. எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சைரன் அலறியபோது வெளியே யாரோ ஏதோ கத்தினார்கள். சைரனின் கம்பியைப் பிடுங்கினேன்.

கணினி தான் செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்தேன். பதினைந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் உறங்கிவிட வேண்டும் என்பது அந்த டிஸ்ட்ரோவின் வழக்கமான ஏற்பாடு. மின்சாரத்தை மிச்சப்படுத்த நல்ல எண்ணத்தில் வைத்தது. திரை அணைவது அல்ல, முழு உறக்கம். நிரலும் சேர்ந்து உறங்கும். ஒன்பது நாளும் அது உறங்கிய நேரமும், யாராவது மவுஸைத் தொட்டு அது விழித்த நேரமும் வரிவரியாக இருந்தன. எனக்குச் செய்தி வராத இடைவெளிகள் ஒவ்வொன்றும் அதில் அப்படியே பொருந்தின. கடைசி உறக்கம் பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால்.

அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவன் அந்தப் பண்ணையில் நான் ஒருவன்தான்.

வெளியே அக்கா கைபேசியில் ஜெனரேட்டர் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "பேட்டரியப் பாக்கறதுக்குத்தான உங்கள வரச் சொன்னது? கம்ப்யூட்டருக்கும் சேத்திக் கரண்டு போயிருச்சு போல. இனி நீங்க இந்தப் பக்கம் எந்தப் பண்ணைக்கும் வராதீங்க, நான் எல்லாருத்துக்குஞ் சொல்றன்."

கணினிக்குக் கரண்ட் போகவில்லை. யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கோப்பை மூடினேன். உறக்க ஏற்பாட்டை அணைத்துவைத்தேன். ஒரே ஒரு சொடுக்கு. வெளியே வந்து மற்றவர்களோடு சேர்ந்து செத்த கோழிகளைக் கூண்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் ஜேசிபி வந்து ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டியது. கொட்டக் கொட்டக் குழி நிறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் சுண்ணாம்புத் தூள் போட்டார்கள். கொல்லிமலை பின்னால் நீலமாக நின்றது. நான் ஒன்றும் சொல்லாமல் சேலம் திரும்பினேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வேலையில் உட்கார்ந்திருந்தேன். சட்டையைத் துவைத்த பிறகும் கையில் அந்த வாடை இருப்பதாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், காலைப் பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். என்ன சொல்வது என்று மனசுக்குள் கோத்துப் பார்த்தேன். சாமியாரிடம் சொல்லி, ஜெபம் வாங்கிக்கொண்டு, லேசாகி வீட்டுக்குப் போய்விடலாம். அந்த மெக்கானிக்கை எந்தப் பண்ணையிலும் சேர்க்காமல் இருப்பார்கள். முன்னால் நின்றவர் முழந்தாளிட்டபோது நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த மனைவியிடம் குனிந்து, "சேந்தமங்கலம் போயிட்டு வந்துடறேன்," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

அக்கா அலுவலக அறையில் இருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். உறக்கம், பதினைந்து நிமிடம், ஒன்பது நாள், நான் படித்த கோப்பு, படித்துவிட்டு மூடியது, எல்லாம். ஒரு மணிக்குச் செய்தி வராததைப் பார்த்தும் சாப்பிடப் போனதையும் சொன்னேன். அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லாமல் நிறுத்த முடியவில்லை.

அவர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போது நாளும் தூங்கிட்டுத்தான் கெடந்துச்சா?"

"ஆமாங்க்கா."

"நான் சொன்னனே சாமி. கண்ண மூடிக்குதுன்னு சொன்னனே."

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். எழுந்து வாசல் வரை போனார், திரும்பி வந்தார். கைபேசியை எடுத்து என் எதிரிலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "ஏனுங்க, அன்னிக்கி நான் பேசுனது தப்புங்க. உங்க மேல மட்டும் இல்லீங்க. நாளைக்கி வாங்க, பேட்டரி மாத்தோணும்," என்றார். என்னிடம் கைபேசியை நீட்டினார். கணினி உறங்கிக் கிடந்ததை நானும் அவரிடம் சொன்னேன். அந்த மனிதர், "பேட்டரி வெள்ளை பூத்திருந்ததப் போன மாசமே பாத்தனுங்க சார். அடுத்த தடவை மாத்திக்கலாம்னு விட்டுட்டனுங்க," என்றார்.

அன்றைக்கே டெபியனைத் திரும்பப் போட்டேன். உறங்குகிற வழியையே அடியோடு அடைத்தேன். முடிந்ததும் அக்கா சொன்னார், "யாருந் தொட வேண்டாம். உக்காந்து பாக்கலாம்." இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரை அணைந்தது. பெட்டியின் சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு கைபேசியும் ஒன்றாக அதிர்ந்தன. மறுநாள் எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பெட்டியின் பழைய சைரனையும் மாட்டிக்கொண்டார் அக்கா. மிரண்டால் மிரளட்டும் என்றார்.

என் நம்பரை எடுத்துவிடவா என்று ஞாயிறு மாலை கிளம்பும்போது கேட்டிருந்தேன்.

"வேண்டாம், இருக்கட்டும். மெசேஜு வரலீன்னாக் கூப்புடுங்க. சோத்துல கை வச்சிருந்தாலுஞ் செரி."

அக்காவின் கணவர் மழைக்காலத்தில் ஊருக்கு வந்திருந்தார். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று தெரிந்தது. தோழன் முன்னைப்போல் பேசுவதில்லை. என் வீட்டுக் கணினியிலும் இப்போது ஒரே டிஸ்ட்ரோதான் இருக்கிறது. அதில் தமிழ்ப் புள்ளி இன்னும் கழன்று விழுகிறது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். வேறொன்றைப் போடலாமே என்று தோன்றும்போதெல்லாம் கணினியை அணைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இப்போது மார்ச், மறுபடியும் கோடை. பெரிய ஷெட்டில் புதுக்கோழிகள் ஏறியிருக்கின்றன. நேற்று மத்தியானம் ஒரு செய்தி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. பதினோரு நிமிடம் ஆனது, பன்னிரண்டு ஆனது. அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை எடுத்தார்.

"குச்சிதானுங் சாமி. புடுங்கிச் சொருகறன்."

"விசிறி ஓடுதுங்களாக்கா?"

நடக்கிற சத்தம் கேட்டது. தகரக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கைபேசியை உள்ளே நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். விசிறிகளின் இரைச்சல் காதை அடைத்தது. அவராக எடுத்துப் பேசும்வரை நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.